எஃப் கார்டும் மூவாயிரம் ரூபாயும்

கேள்வி: செம்பூர்ல இருக்கேன், ஆபீஸ் பாந்த்ரால. எட்டு மாசமா யூட்யூப் பாத்து கிட்டார் கத்துக்கிறேன். ஜி, சி, டி கார்டு (chord, பல ஸ்வரத்த சேத்து ஒண்ணா வாசிக்கிறது) எல்லாம் வருது, எஃப் மட்டும் வரவே மாட்டேங்குது. பக்கத்துல ஒரு கிளாஸ்ல மாசம் 3,000 ரூபா கேக்குறாங்க. எல்லாமே ஃப்ரீயா கிடைக்கிறப்போ இது தண்டச் செலவுதானே சார்?
- ஒரு வாசகர், மும்பை

பதில்: இல்லங்க. பாடத்துக்குத்தான் காசுன்னு நெனச்சு கணக்குப் போடுறீங்க, அங்கதான் தப்பு. பாடம் ஃப்ரீதான். ஜஸ்டின் சாண்டர்கோன்னு ஒரு கிட்டார் வாத்தியார் 2003லேருந்து இன்டர்நெட்ல இலவசமா சொல்லித்தர்றாரு, அவ்ளோ ஒழுங்கா அடுக்கி சொல்லித்தர ஆள் கிடைக்கிறது கஷ்டம். ஆனா அவரால உங்க கைய பாக்க முடியாதே.

நானும் மாட்டுங்கால ஒத்த ரூம்ல இருந்தப்போ ரெண்டு வருஷம் புக்க பாத்தே வாசிச்சவன்தான். எஃப்புக்கு ஆள்காட்டி விரல ஆறு கம்பி மேலயும் குறுக்கா படுக்க வெச்சு அழுத்தணும். அப்படி வெச்சா நடுவுல ரெண்டு கம்பி கட்டையடிச்ச மாதிரி டொக் டொக்குன்னும், அழுத்தம் பத்தலபோலன்னு நெனச்சு இன்னும் இன்னும் அழுத்தி, கடைசில கட்டைவிரல் அடிவாரத்துல வலி வந்து காலைல தண்ணி பக்கெட்ட தூக்க முடியாம போனதுதான் மிச்சம். அப்புறம் ஒரு மாஸ்டர்கிட்ட போனேன். பத்து நிமிஷம் ஒண்ணுமே பேசல, பாத்துக்கிட்டே இருந்தாரு. எழுந்து வந்து என் இடது முழங்கைய புடிச்சு விலாப்பக்கமா ரெண்டு இஞ்ச் இழுத்து வெச்சாரு, அவ்ளோதான். முழங்கை உள்ள வந்ததும் ஆள்காட்டி விரல் லேசா ஒருக்களிச்சு எலும்புப் பக்கம் கம்பி மேல வந்துருச்சு. அதுவரைக்கும் விரல் மடியுற ரேகை இருக்குல்ல, அந்தப் பள்ளத்துல கம்பி போய் உக்காந்துக்கிட்டு இருந்திருக்கு, எவ்ளோ அழுத்துனாலும் அது எப்படி பேசும்? ஆறு கம்பியும் அன்னிக்குத்தான் சேந்து பேசுச்சு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, சத்தியமா. அந்த ரெண்டு இஞ்சுக்குத்தான் ஃபீஸ்.

ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. கிட்டார் கழுத்துல குறுக்கா பதிச்சிருக்கிற உலோகக் கோடுங்கதான் ஃப்ரெட், எஃப் புடிக்கிறது முதல் ஃப்ரெட்டுல. அதே எஃப் ஷேப்ப அஞ்சாவது ஃப்ரெட்டுல வெச்சு ஒவ்வொரு கம்பியா தட்டுங்க. முதல் ஃப்ரெட் எப்பவுமே கொஞ்சம் கெட்டிதான், ஆனா அஞ்சாவதுல தெளிவா கேட்டு முதல் ஃப்ரெட்டுல மொத்தமா செத்துப்போச்சுன்னா கோளாறு உங்க கையில மட்டும் இல்ல. தலைப்பக்கம் கம்பி உக்கார்ற வெள்ளைப் பட்டை, அதுக்கு நட்டுன்னு பேரு, அதுல வெட்டு ஆழம் பத்தாம கம்பி தூக்கி நிக்கலாம். நம்ம ஊர் மழைக்காலத்துல மரம் ஈரம் குடிச்சு உப்பும், கம்பி இன்னும் மேல ஏறும். அப்படி இருந்தா கிளாஸுக்கு முன்னாடி ரிப்பேர்காரர்கிட்ட கொண்டு போங்க, எத்தனையோ பேரு இந்த விஷயம் தெரியாமயே நமக்கு வராதுன்னு கிட்டார பரண்ல போட்டுட்டாங்க.

அஞ்சாவதுலயும் வரலன்னா வாத்தியார்கிட்ட போங்க. எல்லா வாத்தியார்கிட்டயும் இல்ல. ஒரு மணி நேர பேட்ச்ல எட்டு பேருன்னா உங்க பங்கு ஏழரை நிமிஷம், அதுக்கு 3,000 குடுக்காதீங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ தனியா அரை மணி நேரம் உக்காருவீங்களான்னு கேளுங்க. ஒரு நாள் ட்ரையல் போய் அவர் கண்ணு எங்க இருக்குன்னு மட்டும் கவனிங்க. உங்க கைய பாக்காம அவரே வாசிச்சுக் காட்டிட்டு வாட்ஸப்ல கார்டு ஷீட் அனுப்புறவரா இருந்தா அது யூட்யூபேதான், காசு குடுத்து வாங்குற யூட்யூப். லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்துற மியூசிக் கிரேடு எக்ஸாம் எழுதணும்னா விஷயம் வேற, அதுக்கு ஆள் வேணும். நீங்க அத கேக்கல.

இன்னொண்ணு, மனசுல பட்டத சொல்லிடுறேன். எட்டு மாசம்னு எழுதுனீங்க, தினமும் எவ்ளோ நேரம்னு எழுதல. நம்ம வீட்டு புள்ளைங்க சரளி வரிசைய ஒரே வாரத்துல எத்தன தடவ பாடுதுங்க? ஆபீஸ் முடிஞ்சு ட்ரெயின்ல நசுங்கி வந்து கிட்டார தொடுறது லேசு இல்ல, தெரியும். ஆனா ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவுல தினம் இருபது நிமிஷம் உக்கார முடியாதுன்னா இப்போதைக்கு சேராதீங்க, அவர் திருத்துனது அடுத்த தடவ போறதுக்குள்ள கைய விட்டு போயிடும்.

ஞாயித்துக்கிழமை அந்த அஞ்சாவது ஃப்ரெட்ட பாத்துட்டு எந்தக் கம்பி பேசலன்னு எனக்கு எழுதுங்க.