ரோபோக்களின் கடந்தகாலம் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். சினிமாப் பாட்டுகளின் ரீமிக்ஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், ரோபோ ஹெல்மெட் போட்ட பிரெஞ்சு மின்னணு இசை இரட்டையர் டாஃப்ட் பங்கின் ‘ராண்டம் ஆக்சஸ் மெமரிஸ்’ ஆல்பத்தை “வசதி வந்தபின் வாங்கிய நினைவு” என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் அவர்களைக் கல்லூரிக் காலத்திலிருந்து கேட்பவன். ‘ஹோம்வொர்க்’ ஆல்பத்தை விடுதி நண்பன் ஒருவன் கேசட்டில் பதிந்து தந்தான். ‘டிஸ்கவரி’ வந்தபோது வேலைக்குப் போய்விட்டேன், அதனால் சிடியே வாங்கினேன். 2013ல் ‘ராண்டம் ஆக்சஸ் மெமரிஸ்’ வந்ததும் எனக்கும் ஏமாற்றம்தான். டிரம் மெஷின் எங்கே, அந்த முரட்டு இரைச்சல் எங்கே என்று தேடினேன். ஆனால் வருடங்கள் போகப் போக இதுதான் என்னோடு தங்கியது. ஊரே லேப்டாப்பில் ஒரே மாதிரி இசை செய்துகொண்டிருந்த நேரத்தில் இவர்கள் மனிதர்களை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். பழைய இசைத்தட்டிலிருந்து நான்கு நொடி வெட்டி எடுப்பதைவிட, அந்தக் காலத்து வாத்தியக்காரரையே அழைத்து, பெயர் போட்டு, சம்பளம் கொடுத்து வாசிக்கவைப்பது நேர்மையானதில்லையா? இதை எப்படி ‘வாங்கிய நினைவு’ என்கிறீர்கள்?

இன்னொன்று. என் மகளுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இவர்களை அறிமுகப்படுத்த ஆசை. எதில் தொடங்கலாம்? இந்த ஆல்பத்தின் டிரம்ஸ் இல்லாத பதிப்பு ஒன்று வந்திருக்கிறதே, அதை வாங்கலாமா?

அன்புடன்,
கே., திருச்சி

*

அன்புள்ள கே.,

நேர்மை பற்றிய உங்கள் கேள்விக்கு முதலில் வருகிறேன். அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘டிஸ்கவரி’யில் வரும் ‘ஒன் மோர் டைம்’ பாட்டின் அந்த எக்காள ஒலி, எடி ஜான்ஸ் என்ற பாடகர் 1979ல் வெளியிட்ட ஒரு டிஸ்கோ பாட்டிலிருந்து வெட்டி ஒட்டியது. உலகம் முழுக்க அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். காப்புரிமை வைத்திருந்த நிறுவனத்துக்குப் பணம் போயிற்று. பாடியவர் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடுகூட இல்லாமல் இருந்திருக்கிறார், அவர் கைக்கு ஒன்றும் வரவில்லை என்று 2021ல்தான் செய்தி வந்தது. அதோடு ஒப்பிட்டால் 2013 ஆல்பத்தில் கிடார் வாசித்த நைல் ராட்ஜர்ஸுக்கும் டிரம்ஸ் வாசித்த ஒமர் ஹக்கிமுக்கும் பேஸ் வாசித்த நேதன் ஈஸ்டுக்கும் கிடைத்த மரியாதை பெரிய விஷயம். இதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் என் வரி கணக்கு வழக்கைப் பற்றியது இல்லை. நினைவு எப்படிக் கேட்கும் என்பதைப் பற்றியது.

‘டிஸ்கவரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். டாஃப்ட் பங்கின் இருவரில் தோமா பங்கால்டர் பிறந்தது 1975ல், கீ-மனுவேல் 1974ல். டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த நாட்களில் இருவரும் சின்னப் பையன்கள். அதிலும் தோமாவின் வீடு சாதாரண வீடில்லை. அப்பா டேனியல் வான்கார்ட் என்ற பெயரில் டிஸ்கோ பாட்டுகள் எழுதித் தயாரித்தவர். ஒட்டாவன் குழுவின் பாட்டுகள் அவருடைய கைவேலை. (ஒரு சுவாரசியம்: அந்தக் குழுவின் ஒரு பிரெஞ்சுப் பாட்டைத்தான் பப்பி லஹிரி ‘டிஸ்கோ டான்ஸர்’ படத்தில் ‘ஜிம்மி ஜிம்மி’ ஆக்கினார். அதை 2007ல் எம்.ஐ.ஏ., அதாவது நம் மாதங்கி அருள்பிரகாசம், திரும்பப் பாடினார். பாரிஸிலிருந்து பம்பாய் போய் அங்கிருந்து லண்டன் ஈழத்துப் பெண்ணிடம் வந்து சேர்ந்த மெட்டு அது.) அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையன் இருபத்தைந்து வயதில் உட்கார்ந்து, சிறுவயதில் காதில் விழுந்ததை யோசித்துப் பார்க்கிறான். அதுதான் ‘டிஸ்கவரி’.

அதில் ‘டிஜிட்டல் லவ்’ பாட்டின் முதல் சில நொடிகளை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஜார்ஜ் ட்யூக்கின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் தொடக்கம் அது. ஒலியின் மேல்பகுதியை ஃபில்டர் போட்டு அடக்கியிருப்பார்கள். அடுத்த வீட்டு ரேடியோவில் ஓடும் பாட்டு சுவரைத் தாண்டி நம் அறைக்கு வரும்போது எப்படி இருக்கும்? கீச்சொலிகள் சுவரிலேயே நின்றுவிடும், அடியொலிதான் வந்து சேரும். பிறகு மெல்ல ஃபில்டரைத் திறக்கிறார்கள், பாட்டு நம் அறைக்குள் வந்துவிடுகிறது. பிரெஞ்சு ஹவுஸ் என்ற நடன இசையின் மொத்த வித்தையும் இந்தத் திறப்பில்தான் இருக்கிறது. அந்த நான்கு நொடிக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது. சிறுவயது நினைவும் அப்படித்தானே வருகிறது? ஒரு கல்யாண மண்டபத்தின் விளக்கு மட்டும் ஞாபகம் இருக்கும், யார் கல்யாணம் என்று தெரியாது.

‘ராண்டம் ஆக்சஸ் மெமரிஸ்’ அந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிட்டது. அந்தக் கால ஸ்டுடியோ வேண்டுமா, லாஸ் ஏஞ்சல்ஸின் ஹென்சன், நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி. அந்தக் கால டிரம்ஸ் வேண்டுமா, மைக்கேல் ஜாக்சனின் ‘ஆஃப் தி வால்’ ஆல்பத்தில் வாசித்த ஜான் ராபின்சனே வந்துவிட்டார். காந்த நாடாவில் பதிந்தார்கள். அட்டையில் பெயர் எழுதிய விதம்கூட ‘த்ரில்லர்’ அட்டையை நினைவூட்டும். சுவரை இடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அங்கே பாட்டு தெளிவாகத்தான் கேட்கிறது. ஆனால் நான் இவர்களிடம் காது கொடுத்ததே அந்தச் சுவருக்காக.

‘வசதி வந்தபின்’ என்று சொன்னதும் திட்டு இல்லை. ‘ஹோம்வொர்க்’ தோமாவின் படுக்கையறையில் உருவானது. அறையில் என்ன கருவி இருந்ததோ அதுதான் இசை. 2013ல் அவர்களால் யாரையும் அழைக்க முடிந்தது, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள முடிந்தது. டிஸ்கோ இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் சொன்ன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யும்போது எதிரே பல மைக்குகள் வைத்திருந்தார்களாம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தைச் சேர்ந்தது. எந்தப் பத்தாண்டைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தக் காலத்து மைக்கில் பதியவேண்டும் என்று ஏற்பாடு. யாருக்கு இந்த வித்தியாசம் தெரியப்போகிறது என்று மொரோடர் கேட்டிருக்கிறார். வேறு யாருக்கும் தெரியாது, தோமாவுக்குத் தெரியும் என்றாராம் ஒலிப்பதிவுப் பொறியாளர். இந்தக் கதையைக் கேட்டு ரசிகர்கள் எல்லோரும் நெகிழ்வார்கள். நான் சிரித்துவிட்டேன். கேட்பவனுக்குப் போய்ச் சேராத நுணுக்கத்துக்கு இத்தனை மெனக்கெடல் என்றால், ஆல்பம் யாருக்காக?

இப்படிச் சொல்லிவிட்டு, அதே பாட்டைத்தான் நான் அதிகமாகக் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘ஜார்ஜியோ பை மொரோடர்’ ஒன்பது நிமிடம். கிழவர் தன் பாட்டுக்குப் பேசுகிறார். சின்ன ஊரில் வளர்ந்தது, டிஸ்கோதே மேடைகளில் பாடிவிட்டுக் காரிலேயே தூங்கியது. பின்னால் உணவுவிடுதியில் பேசிக்கொள்ளும் சலசலப்பு. சிந்தசைசரை ஓட்ட ஒரு ‘கிளிக்’ தேவைப்பட்டது என்று அவர் சொன்னதும் அந்தக் கிளிக் கேட்க ஆரம்பிக்கிறது. டிக், டிக், டிக். அதன் மேல் சிந்தசைசர் ஓடத் தொடங்குகிறது. பாடகி டோனா சம்மரை வைத்து 1977ல் அவர் செய்த ‘ஐ ஃபீல் லவ்’ உலகத்தின் காதைத் திருப்பியது இப்படி ஒரு ஓட்டத்தை வைத்துத்தான். பிறகு பேஸ், ஜாஸ் கீபோர்டு, வயலின்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒமர் ஹக்கிம் டிரம்ஸைப் போட்டு விளாசுகிறார், இயந்திரத்தோடு மனிதன் மல்லுக்கட்டுகிற மாதிரி. எல்லாம் அடங்கியதும் மிஞ்சுவது மறுபடி அந்தக் கிளிக் மட்டும். டெக்னோ, ஹவுஸ் என்று பக்கம் பக்கமாக எழுதும் வரலாறு இந்த டிக் டிக்கில் இருக்கிறது. பழையதை அப்படியே கட்டியெழுப்ப இவர்கள் முயலவில்லை என்பதால்தான் இந்தப் பாட்டு நிற்கிறது. பேச்சை எடுத்துவைத்துக்கொண்டு அதற்கு இசை செய்தார்கள். ஒருவகையில் இதுவும் சாம்பிள்தான் (பழைய பதிவிலிருந்து வெட்டி எடுக்கும் துண்டைத்தான் அப்படிச் சொல்வார்கள்), ஆளே எதிரில் உட்கார்ந்து கொடுத்த சாம்பிள்.

‘டச்’ பாட்டும் அப்படித்தான். பால் வில்லியம்ஸ் பாடுகிறார். இவர் நடித்து இசையமைத்த 1974ஆம் வருடப் படம் ஒன்றை நண்பர்கள் இருவரும் பள்ளி வயதில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். முகமூடி போட்ட இசைக்காரன் ஒருவனின் கதை அது. இவர்கள் தலையில் ஹெல்மெட் ஏறியதில் அந்தப் படத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பாட்டில் ஒரு ரோபோ, தொடுகை என்றால் என்ன என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறது. நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு பழங்கால நடனக்கூட இசை குதித்து வருகிறது, அப்புறம் குழந்தைக் குரல்கள் போல ஒரு கோரஸ். நாடகத்தனம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 2021 பிப்ரவரியில் பிரிவதை அறிவித்து அவர்கள் விட்ட வீடியோவில், ஒரு ரோபோ வெடித்துச் சிதறியபின் இந்தக் கோரஸைத்தான் போட்டார்கள். ஒரு வார்த்தை அறிக்கை இல்லை.

சரி, மற்றவை? ‘கெட் லக்கி’யை ஓட்டல், விமான நிலையம், துணிக்கடை என்று எங்கும் கேட்டு எனக்குத் திகட்டிவிட்டது. ராட்ஜர்ஸின் கிடார் மட்டும் இன்னும் புத்தம்புதிதாக இருக்கிறது. ‘வித்தின்’, ‘தி கேம் ஆஃப் லவ்’ இரண்டும் எனக்கு நகரவே இல்லை. ‘ஃப்ராக்மென்ட்ஸ் ஆஃப் டைம்’ பாட்டில் டாட் எட்வர்ட்ஸ் திரும்ப வருகிறார். நியூ ஜெர்சிக்காரர். ‘டிஸ்கவரி’யில் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ பாட்டுக்காகப் பழைய இசைத்தட்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கோர்த்தவர் இவர்தான். அதே வேலையை இங்கே புதிதாக வாசித்துப் பதிந்த துண்டுகளை வைத்துச் செய்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் தூசி இல்லை. பத்தாம் ஆண்டுப் பதிப்பில் இந்தப் பாட்டை எழுதியபோது ஸ்டுடியோவில் பேசிக்கொண்டதையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பாட்டைவிடப் பிடித்திருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சாம்பிளே வேண்டாம் என்று தவிர்த்துச் செய்த இந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘கான்டாக்ட்’. அதில் மட்டும் ஷெர்ப்ஸ் என்ற ஆஸ்திரேலியக் குழுவின் சாம்பிள் இருக்கிறது. அதற்கு முன்னால் 1972ல் அப்போலோ 17லிருந்து விண்வெளி வீரர் யூஜீன் செர்னன் பேசிய அசல் ஒலிநாடா. மொத்தம் 74 நிமிடத்தில் என் முதுகு நிமிர்கிற இடம் அது. அதற்கு முந்திய ‘டூயின் இட் ரைட்’ முழுக்க மின்னணு, அதுவும் எனக்குப் பிடித்தது. இத்தனை மேதைகளை வரவழைத்த பிறகு, கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு போவதற்கு அவர்களுக்கே பழைய நாடாவும் பழைய இசைத்தட்டும்தான் தேவைப்பட்டிருக்கின்றன.

“ஊரே லேப்டாப்பில் செய்துகொண்டிருந்தது” என்கிறீர்கள். உண்மை. ஆனால் 2006ல் கலிஃபோர்னியாவின் கோசெல்லா விழாவில் விளக்குப் பிரமிடு ஒன்றுக்குள் ஏறி நின்றது இவர்கள்தானே? அடுத்த சில ஆண்டுகளில் கிளம்பிய இடிஎம் (மின்னணு நடன இசை) மேடைகளின் எல்இடி சுவர்களுக்கு அந்தப் பிரமிடுதான் முன்மாதிரி. தாங்கள் திறந்துவிட்ட வெள்ளத்திலிருந்து தாங்களே கரையேறப் பார்த்தார்கள் என்றுதான் நான் இந்த ஆல்பத்தை வாசிக்கிறேன். கிராமி அமைப்பும் 2014ல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கொடுத்து அதை ஆமோதித்துவிட்டது. தோமா அதன்பின் போன இடத்தைப் பாருங்கள்: பாலே நடனத்துக்கு முழு ஆர்க்கெஸ்ட்ரா இசை. ஹெல்மெட்டும் இல்லை, சிந்தசைசரும் இல்லை. அந்தப் பாதை 2013லேயே தொடங்கிவிட்டது.

பழைய ஆட்களுக்கு மரியாதை என்று பேசும்போதெல்லாம் எனக்குப் பாடகர் ரோமாந்தனி ஞாபகம் வரும். ‘ஒன் மோர் டைம்’ பாட்டில் குரலை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆனாலும் மனிதனாகவே ஒலித்தவர். இந்த ஆல்பம் வெளிவந்த அதே 2013 மே மாதத்தில், வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு இறந்துபோனார். ஹவுஸ் உலகத்துக்கு வெளியே அவருக்கு யாரும் அதிகம் அழவில்லை. எனக்கு இவர்களுடைய கடந்தகாலம் 1977 இல்லை, அந்தக் குரல்தான்.

மகளுக்கு ‘டிஸ்கவரி’யைக் கொடுங்கள். அதோடு ‘இன்டர்ஸ்டெல்லா 5555’ படத்தையும் போட்டுக் காட்டுங்கள். ஜப்பானிய மாங்கா ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோவின் மேற்பார்வையில், முழு ஆல்பத்துக்கும் வசனமே இல்லாமல் செய்த அனிமே. அனிமே பார்க்கிற பெண்ணாக இருந்தால் உங்கள் வேலை சுலபம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாமல் இருந்தால் இன்னும் சுலபம்.

டிரம்ஸ் இல்லாத பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. எனக்கு அதில் ஒரு பயன் கிடைத்தது: டிரம்ஸை உருவியபின்னும் பல பாட்டுகள் நிற்கின்றன. ‘ஹோம்வொர்க்’ ஆல்பத்தில் அப்படி உருவினால் என்ன மிஞ்சும், யோசித்துப் பாருங்கள். இது நடன ஆல்பமா என்ற சந்தேகம் எனக்கு அப்போது தீர்ந்தது. ஆனால் ‘ஜார்ஜியோ’வில் ஹக்கிம் இல்லாமல் கடைசி இரண்டு நிமிடம் கேட்பது பெரிய தண்டனை. இசைத்தட்டு விலைக்கு அது தேறாது. இணையத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு, அந்தப் பணத்தில் அவர்களுடைய நேரடி நிகழ்ச்சிப் பதிவான ‘அலைவ் 2007’ வாங்குங்கள்.

அன்புடன்.