இனவெறி, ஆணாதிக்கம் ரெண்டையும் தாண்டி உயிரோட இருக்கறதைக் கொண்டாடுற கவிதை ஏதாவது உங்க வாழ்க்கைல உதவியிருக்கா?

உதவியிருக்கு. லூசில் கிளிஃப்டன்ங்கற அமெரிக்கக் கருப்பினப் பெண் கவிஞர் எழுதின 14 வரிக் கவிதை, 1993ல வந்த தொகுப்புல இருக்கு, "என்னோட சேந்து கொண்டாட வர மாட்டீங்களா"ன்னு ஆரம்பிக்கும்.

நீங்க கேட்ட விதத்தப் பாத்தா அமெரிக்காவுக்குப் புதுசா வந்து வேலைக்குச் சேந்த பொண்ணா இருப்பீங்கன்னு தோணுது, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

நான் எச்4 விசால, அதாவது இங்க வேலை பாக்கறவரோட மனைவிங்கற விசால வந்தவ. விசால என் பேரு டிபென்டென்ட். வேலைக்குப் போகக் கூடாது, ஸ்டேட் விட்டு ஸ்டேட் வீடு மாறினா கூடவே மாறணும், அவ்ளோதான். 2015 மே மாசம் ரூல் மாறி எங்கள மாதிரி கொஞ்ச பேருக்கு வேலை பாக்க அனுமதி வந்துச்சு. அப்ப என் படிப்பு, பழைய அனுபவம் எதுவும் இங்க செல்லாதுன்னு ஆயிடுச்சு, நானும் ஒரு கோர்ஸ் முடிச்சு பால்டிமோர்ல ஒரு ஆஸ்பத்திரில ஃப்ளெபாட்டமிஸ்ட்டா சேந்தேன். ரத்தம் எடுக்கற வேலை. "இவ்ளோ படிச்சுட்டு ஊசி குத்தவா போற"ன்னு கேட்டது வெள்ளைக்காரங்க இல்ல, நம்ம ஆளுங்கதான்.

காலைல நாலரைக்கே வார்டு வார்டா போகணும். ஒரு நாள் ஒரு பெரியவர் ரூம். கைல ரப்பர் பட்டையைக் கட்டிட்டேன், நரம்பும் நல்லா எழும்பி வந்துடுச்சு, பஞ்சால துடைச்சும் ஆச்சு. அப்பதான் அவர் லைட் வெளிச்சத்துல என் முகத்தப் பாத்தாரு. கையை வெடுக்குனு இழுத்துக்கிட்டு, இவ என்னைத் தொடக் கூடாது, வேற ஆள அனுப்புங்கன்னாரு. பட்டை அவர் கைலயே இருந்துச்சு, அதைக் கழட்டணுமே, கழட்டவும் விடல. சூப்பர்வைசர் வந்து ஒரு வார்த்தை கேக்கல, "பரவால்ல, நான் வேற ஆள அனுப்பறேன்"னு என்கிட்ட இல்ல, அவர்கிட்ட சொன்னாரு. நான் வெளில காரிடார்ல வந்து நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் குனிஞ்சு பாக்கறேன், என் வலது கை இடது கையை இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கு. க்ளவுஸ் கூட கழட்டல.

எங்க டீம்ல ஒரு கருப்பின அம்மா இருந்தாங்க, முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். எல்லாரும் மிஸ்னுதான் கூப்பிடுவோம். அவங்க லாக்கர் கதவு உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கும், மஞ்சளாகி ஓரமெல்லாம் சுருண்டு போய். அதுல இருந்தது இந்தக் கவிதைதான், அன்னிக்குதான் அதைப் படிச்சேன். வெள்ளை அல்லாதவளா, பொம்பளையா ரெண்டுமா பொறந்தேன், பாத்துப் பழக எனக்கு முன்மாதிரி யாரும் இல்ல, நானாவே ஒரு மாதிரி வாழ்க்கையப் பண்ணிக்கிட்டேன்னு சொல்லிட்டு வர்றாங்க. அப்புறம் அந்த வரி, தன் ஒரு கை தன்னோட இன்னொரு கையையே இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு. அங்கயே அழுதுட்டேன்.

"மிஸ், இவங்க நம்மளப் பத்தியே எழுதியிருக்காங்க"ன்னேன். அவங்க என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "இல்ல, அவங்க அவங்களப் பத்தி எழுதியிருக்காங்க. நீ ப்ளேன்ல வந்தவ"ன்னாங்க. கோவமா சொல்லல, ஆனா சுருக்குனு இருந்துச்சு. கவிதைல பாபிலோன்ல பொறந்தேன்னு வரும், அதை எனக்கு விளக்கினதும் அவங்கதான். பைபிள்ல சிறை பிடிச்சுக் கொண்டு போன ஜனங்க இருந்த ஊரு அது. தானா வந்து சேந்த ஊர் இல்ல. கமென்ட்ல வந்து "அடிமையா இருந்தவங்க பட்டதும் நீ பட்டதும் ஒண்ணா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், ஒண்ணு இல்ல. அப்படி நான் சொல்லவே இல்ல. அந்த "வெள்ளை அல்லாத"ங்கற வார்த்தை திறந்து வெச்ச இடத்துல ஓரமா நின்னுக்கிட்டேன், அவ்ளோதான்.

அப்புறம்தான் கிளிஃப்டனப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். பொறக்கும்போது ரெண்டு கைலயும் ஆறாறு விரல், சின்ன வயசுலயே அந்த அதிக விரலை எடுத்துட்டாங்க. இதத் தெரிஞ்சிட்டு அந்தக் கை வரியத் திரும்பப் படிங்க. அவங்க அம்மாவும் கவிதை எழுதினவங்க, புத்தகமா போட வழி வந்தும் புருஷன் கூடாதுன்னதால எழுதினதையெல்லாம் எரிச்சுட்டாங்க. முன்மாதிரி இல்லைன்னு ஒரு பொண்ணு சொன்னா அதுக்குப் பின்னாடி இவ்ளோ இருக்கு. 1969ல முதல் புத்தகம் வந்தப்ப இவங்களுக்கு ஆறு குழந்தைங்க. அப்புறம் கேன்சர், கிட்னி மாத்தினது எல்லாம் தாண்டி 2010 வரைக்கும் இருந்தாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லைன்னாலும் பரவால்ல. நான் இதத் தமிழ்ல மொழிபெயர்த்து இங்க ஒரு சங்கத்து மலருக்குக் கொடுத்தேன். பொம்பளைங்கற வரியையும் வெள்ளை அல்லாதங்கற வரியையும் வெட்டிட்டு, கடைசி வரிய "தினமும் போராடினேன் வென்றேன்"னு மாத்தி, பக்கத்துல சூரியன் படம் போட்டு தன்னம்பிக்கைக் கவிதைன்னு போட்டாங்க. கேட்டா "பொதுவா இருக்கட்டும்மா, எல்லாரும் படிக்கறது"ன்னாங்க. வருஷா வருஷம் விழாவுக்கு சமையல் லிஸ்ட்ல மட்டும் பொம்பளைங்க பேரு ஒண்ணு விடாம பொதுவா இல்லாம போடத் தெரியுது.

வென்றேன்னு கவிதைல எங்கயுமே இல்ல. ஏதோ ஒண்ணு தினமும் தன்னைக் கொல்லப் பாத்து தோத்துப் போச்சுன்னுதான் முடியும். தோத்தது அது. நாளைக்கும் அது வரும். அதனாலதான் இன்னிக்கே வந்து கொண்டாடுங்கன்னு கூப்பிடறாங்க. இதத் தமிழ்ல கொண்டு வர ரொம்பக் கஷ்டப்பட்டேன். இங்கிலீஷ்ல அவங்க "நான்"ங்கறத சின்ன எழுத்துல எழுதியிருக்காங்க, நமக்கு சின்ன எழுத்து பெரிய எழுத்தே கிடையாது, அதனால முடிஞ்ச இடத்துலயெல்லாம் நான்ங்கற வார்த்தையையே விட்டுட்டேன். "வாங்களேன்"னு போடறதா "வாயேன்"னு போடறதான்னே ரெண்டு நாள் யோசிச்சேன், வாங்களேன்னுதான் வெச்சேன், வேண்டாதவங்களையும் சேத்துக் கூப்பிடற மாதிரி இருக்கட்டும்னு.

மலர்ல அப்படி வந்த அன்னிக்கு ராத்திரி முழுக் கவிதையையும் ஃபோன்ல அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசில "தினமும் ஏதோ ஒண்ணு கொல்லப் பாத்துச்சு, முடியல"ன்னு வெச்சிருந்தேன்.

"யாராலடி முடியல, உன்னாலயா?"ன்னு பதறிட்டாங்க.

"இல்லம்மா, அதால முடியல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அத அப்படியே எழுது, அதால முடியலன்னு"ன்னாங்க. எழுதிட்டேன்.