மடத்துச் சுவரில் அரசு

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு உரிய பழைய மடம் ஒன்று பல காலமாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே மண்டபச் சுவரில் அரச மரம் முளைத்து, வேர் நிலம்வரை இறங்கிவிட்டது. மேசன், "அலவாங்கு போட்டுப் பிடுங்கிவிட்டுச் சீமெந்து பூசுவம்" என்கிறார். பெரியம்மாவோ, "அரசில கை வைச்சால் குடும்பத்துக்கு ஆகாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் மேசனை நிறுத்துங்கள், பிள்ளை. பழைய கட்டடங்களோடு மாரடித்தே தலை நரைத்தவன் நான். மரத்தால் விழுந்த சுவரைவிட, மரத்தைப் பிடுங்கப்போய் விழுந்த சுவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பழம் தின்ற மைனாவோ வௌவாலோ எச்சத்தோடு விட்ட விதை ஒரு வெடிப்பில் விழுந்தால் போதும். பழைய சுவரில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அது சீமெந்துபோல இறுகாது, மாரி மழையைக் குடித்து வைத்திருக்கும். நூல்போல நுழையும் வேர் அந்த ஈரத்தைத் தேடி ஓடி, பிறகு கல்லிடுக்கில் பருக்கத் தொடங்கும். வேர் நிலத்தைத் தொட்டுவிட்டது என்றால் உள்ளே சாந்து பாதி போயிருக்கும். இப்போது கற்களைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த வேர்தான். இழுத்தால் சுவரும் கூட வரும்.

கட்டடம் எந்தக் காலத்தது என்று பாருங்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் தேதிக்கு முந்தியவற்றைக் கணக்கில் எடுக்கிறது. சந்தேகம் இருந்தால் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூட வெட்ட வேண்டாம்.

அனுமதி கிடைத்தால், மாரி முடிந்து சுவர் காய்ந்த பிறகு, முண்டு கொடுத்துவிட்டுக் கிளைகளை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள். கடைசியாக அடிமரத்தைச் சுவரோரமாக அறுக்கலாம். அதோடு வேலை முடியாது. அரசு லேசில் சாகாது. வெட்டிவிட்டு மறந்தால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்த்து, உள்வேர் இன்னும் பருக்கும். துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ள வேண்டும். சிலர் அசிட் ஊற்றுவார்கள். மரம் சாகுமோ தெரியாது, சுண்ணாம்பு கட்டாயம் கரையும். உப்புப் போடுவதும் அதே மாதிரித்தான். கடற்காற்றில் உங்கள் சுவர் ஏற்கனவே வேண்டிய உப்பைத் தின்றிருக்கும்.

வேர் செத்து உக்கினால் உள்ளே பொந்து விழும். அதைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்புங்கள். சீமெந்து பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே நிற்கும். உப்புப் பூத்து, நல்ல கல்லும் பொரிந்து கொட்டும். மேசனுக்கு இது பிடிக்காது, பரவாயில்லை.

சுவரில் பன்னச் செடியும் பாசியும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். அவை எங்கே அடர்த்தியோ, அதற்கு மேலேதான் கூரை ஒழுகுகிறது. முதலில் அந்த இடத்துக் கூரை ஓடுகளை மாற்றுங்கள்.

சரி, பெரியம்மா? வெட்டுகிற கிளையில் நல்லதாக ஒன்றை எடுத்து, சுவருக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், வளவின் மூலையில் நடுங்கள். பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். முதல் தண்ணீரை அவரையே ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: இடிந்த கட்டடங்களில் முளைக்கும் செடிகளை யாராவது கணக்கெடுத்தது உண்டா?
– உயர்தர மாணவன், திருகோணமலை

பதில்: உண்டு தம்பி. ரோம் நகரத்துப் பழைய அரங்கமான கொலோசியத்தில் வளர்ந்த 420 வகைச் செடிகளை ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1855இல் பட்டியலிட்டார். அவற்றில் சில, அந்தக் காலத்தில் சண்டைக்குக் கொண்டுவந்த மிருகங்களோடு வந்தவை என்றொரு ஊகமும் உண்டு. எனக்கு அதை நம்பக் கொஞ்சம் கஷ்டம். பிறகு அகழ்வுக்காரர்கள் அந்தப் பச்சையை வழித்தெடுத்துவிட்டார்கள், பட்டியல் மிஞ்சியது. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் பிரெட்ரிக் கோட்டை மதிலைப் பாருங்கள். உங்கள் தாவரவியல் ஆசிரியரிடம் சொல்லி, மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை போய் எழுதத் தொடங்கலாம். படம் எடுங்கள், பிடுங்க வேண்டாம்.