இப்போது என்ன படிக்கலாம்? – கேள்வி பதில்

கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்க" என்று மட்டும் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு நேரம் கிடைக்கிறது, கடைசியாக எதை ரசித்துப் படித்தீர்கள், இப்போது மனசு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. தலைசிறந்த நாவல்கள் என்று பட்டியல் போடுவது சுலபம். அதில் பாதி உங்களுக்கு இந்த மாதம் ஒத்துவராது என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

கேள்வி: பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு புத்தகத்தையே தொட்டதில்லை அக்கா. போன் பார்த்துப் பழகிவிட்டது, இரண்டு பக்கம் தாண்டினால் கவனம் சிதறுகிறது. எதில் ஆரம்பிக்கலாம்?

பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்த சின்ன நாவல். 'அசுரன்' படத்துக்கு இதுதான் மூலம். படம் பார்த்திருந்தாலும் பரவாயில்லை, நாவலின் சுவை வேறு. தொடங்கும்போதே கொலை நடந்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் எட்டு நாள் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள், அவ்வளவுதான் கதை. எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, தூரத்தில் வருவது யார் என்றே போகும். ஆசிரியர் எந்த இடத்திலும் நின்று நமக்கு விளக்கம் சொல்ல மாட்டார். கரிசல் பேச்சு முதல் சில பக்கங்களில் தடுக்கும். அந்த இடங்களைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், காதுக்குப் பழகிவிடும்.

கனமான இலக்கியத்தில் தொடங்கினால்தான் மரியாதை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் இருபது நிமிடம் கிடைக்கும். நாவல் எடுத்தால் அடுத்த நாள் எங்கே விட்டேன் என்றே மறந்துவிடுகிறது.

அப்படியென்றால் உங்களுக்குச் சிறுகதைதான். தமிழில் நாவலைவிடச் சிறுகதையில்தான் சரக்கு அதிகம் என்பது என் கட்சி, சண்டைக்கு வருபவர்கள் வரலாம். ஒரு பயணத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞன்': சினிமா கம்பெனி ஆபீசுக்கு வேலை கேட்டு ஒருவர் வருகிறார், தனக்குப் புலி வேஷம் நன்றாக வரும் என்கிறார். அதற்கப்புறம் அந்த அறைக்குள் நடப்பதைப் படித்துவிட்டு உடனே இறங்கி ஆபீசுக்குள் நுழைவது கொஞ்சம் சிரமம். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்', 'அன்பளிப்பு' இரண்டும் குழந்தைகளைப் பற்றியவை, பெரியவர்களுக்கானவை. புதுமைப்பித்தனில் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. பூலோகத்துக்கு வந்த கடவுளைப் பிடித்து, தான் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார் பிள்ளை. பஸ்ஸில் சிரித்துவிடுவீர்கள், பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பார்த்து ஒரு தலையாட்டல் போட்டுவிடுங்கள்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' முடித்துவிட்டேன். இப்போது ஒரே வெறுமை. அதே மாதிரி இன்னொன்று வேண்டும்.

'அதே மாதிரி' என்று பலர் கேட்கிறார்கள். அதில் உங்களுக்குப் பிடித்தது எது என்பதைப் பொறுத்து என் பதில் மாறும்.

வந்தியத்தேவனோடு குதிரையில் போனது பிடித்திருந்தால் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. விறுவிறுப்பு அவ்வளவு இருக்காது; கதையாக அதைவிட ஆழமானது, சோகமும் அதிகம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதனால்தான் ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு முடிகிறது. அந்தக் கொக்கிதான் வேண்டும் என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா', 'யவன ராணி'.

சரி, உண்மையில் என்னதான் நடந்தது, ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்வி மண்டையைக் குடைகிறது என்றால் நாவலை விட்டு வரலாற்றுக்கு வாருங்கள். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' தமிழிலேயே எழுதப்பட்டது, நடை சிக்கலில்லாதது. உடையார்குடிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் ஆரம்ப ஆட்சி ஆண்டுகளைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன் முதலிய உடன்பிறந்தவர்களின் பெயரை அது பளிச்சென்று சொல்கிறது. கல்கி மூடிவைத்த மர்மத்தை அந்தக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே ஒரு தனி சுவாரசியம்.

ராஜாக்களே இல்லாத வரலாறு வேண்டும் என்றால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976. தெற்கே ஓடிவந்து கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய மக்களின் கதை. தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். தண்ணீர் குடிக்கக் குனிந்த பெண்ணை நகைக்காக ஒருவன் காலால் நீருக்குள் அழுத்துகிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்தபடியே செத்துப்போகிறாள். பிடியை விடுவிக்க முடியாமல் அவன் மாட்டிக்கொள்கிறான். இதை கி.ரா. திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தொனியிலேயே சொல்லிக்கொண்டு போவார்.

கேள்வி: அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. ஆறுதலாக ஏதாவது படிக்கலாம் என்று பார்த்தால் எல்லாமே அறிவுரையாக இருக்கிறது.

அறிவுரைப் புத்தகங்களை ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. மலையாளம்தான், தமிழில் இருக்கிறது. உடம்பும் மனசும் ஓய்வு கேட்கிறது என்று வீட்டுக்கு வருகிறார் எழுத்தாளர். வீடு முழுக்கத் தம்பிகள், தங்கைகள், பிள்ளைகள், கோழிகள், அப்புறம் அந்த ஆடு. அது பஷீர் எழுதிய புத்தகங்களையே மென்று தின்கிறது. துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் ஒரு வீட்டுக்குள் எப்படி மூச்சுவிடுவது என்பது இருக்கிறது. ஐந்து பக்கம் படித்து மூடினாலும் குறை ஒன்றும் இல்லை.

கொஞ்ச காலம் போகட்டும், நீங்களாகவே மரணத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று தோன்றும். அன்றைக்கு 'ஆரோக்கிய நிகேதனம்'. தாராசங்கர் பந்தோபாத்யாயின் வங்க நாவல், த. நா. குமாரசாமி மொழிபெயர்ப்பு. நாடி பார்த்து மரணம் நெருங்குவதைச் சொல்லிவிடும் கிழ வைத்தியர். ஊருக்குப் புதிதாக வந்த, ஆங்கில வைத்தியம் படித்த இளம் டாக்டருக்கு அது கொடுமையாகப் படுகிறது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த வைத்தியர் தன் மகனின் நாடியையும் பார்த்தவர். அதனால்தான் இப்போதே வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: ராத்திரி தூக்கம் வரவில்லை. படித்தால் தூக்கம் வரும் என்கிறார்கள், எனக்கோ கதை பிடித்துவிட்டால் விடிந்துவிடுகிறது.

அப்படியானால் கதையே வேண்டாம். குறுந்தொகை வைத்துக்கொள்ளுங்கள், உரையோடு கூடிய பதிப்பு. நாலடி முதல் எட்டடி வரையிலான பாட்டுகள், ஒன்று படித்தால் போதும். ஆறாம் பாட்டு பதுமனார் பாடியது. நள்ளிரவு, பேச்சு அடங்கிவிட்டது, உலகமே தூங்குகிறது, நான் ஒருத்தி மட்டும் தூங்கவில்லை என்கிறாள் தலைவி. அதைப் படித்து உங்களுக்குத் தூக்கம் வருமோ வராதோ, துணைக்கு ஆள் கிடைத்துவிடும்.

கேள்வி: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பலமுறை எடுத்து வைத்துவிட்டேன். எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குத்தான் ரசனை இல்லையா மேடம்?

ரசனையை ஏன் இழுக்கிறீர்கள்? அந்த நாவல் முன்னறிவிப்பு இல்லாமல் உங்களைக் கொண்டுபோய் இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருவில் நிறுத்திவிடுகிறது. இரண்டாம் உலகப்போர், ஜப்பான் படை உள்ளே வருகிறது, மலாய்ச் சொற்கள், வட்டிக்கடைப் பேச்சு, நடுவில் நினைவு ஊருக்குப் போய் வருகிறது. யாருக்கும் தலை சுற்றும். அவருடைய முதல் நாவல் 'கடலுக்கு அப்பால்' இருக்கிறதே, அதை முதலில் படியுங்கள். அதே போர்க்காலம், அதே கடல்தாண்டிய தமிழர்கள், நேர்க்கோட்டில் போகும் கதை, அதில் ஒரு காதலும் உண்டு. அந்த உலகம் பழகிய பிறகு பெரிய நாவலுக்குத் திரும்பினால் வேறு புத்தகம்போல இருக்கும். அப்போதும் ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பாதியில் மூடுவது குற்றம் இல்லை. ஆனால் பாதியில் மூடிவிட்டு விமர்சனம் எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு.

கேள்வி: முன்னேற்றப் புத்தகங்கள்தான் படிப்பேன். கதை படிப்பது நேர விரயம் என்று தோன்றுகிறது. என்னை மாற்ற முடியுமா?

மாற்றுவது என் வேலை இல்லை. கதையே வேண்டாம், உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படியுங்கள். 1940இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார், 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுவிட்டது. தடித்த புத்தகம். பொறுமை இல்லையென்றால் நேராகச் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதிக்குப் போங்கள். 1880, கும்பகோணம். ஐயர் கல்லூரித் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியலே ஒப்பிக்கிறார். முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று பழைய நூல்களைப் பற்றி விசாரிக்கிறார். ஐயர் படித்ததில்லை. அன்று தொட்ட சிந்தாமணியை 1887இல் அச்சில் கொண்டுவந்தார். தனக்குத் தெரியாத ஒன்றை எதிரில் இருப்பவர் காட்டும்போது ஒரு மனிதன் என்ன செய்தான் என்பதை அந்த அத்தியாயத்தில் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

கேள்வி: பயப்பட வேண்டும். பேய், மர்மம், எதுவானாலும் சரி.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. ஆவியா, அறிவியலா என்று சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் கடைசிவரை இழுபறியில் இருப்பார்கள். சின்னதாக வேண்டும் என்றால் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'.

கேள்வி: வில்லனே இல்லாத, படித்து முடித்தால் மனிதர்கள் மேல் நம்பிக்கை வருகிற நாவல் ஏதாவது உண்டா?

உண்டு. ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. ஹென்றி என்று ஒருவன், வளர்த்த அப்பாவின் ஊரைத் தேடி வருகிறான். சொத்துத் தகராறு வரப்போகிறது என்று நாம் தயாராக இருப்போம், ஆசிரியர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். ஜெயகாந்தன் என்றாலே சத்தம் போட்டு வாதாடுகிறவர் என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஹென்றி ரொம்ப நல்லவனாக இருக்கிறான் என்று ஒரு குறை சொல்வார்கள். இருக்கட்டுமே.

கேள்வி: அலமாரியைப் பார்த்தால் எல்லாம் ஆண்கள் எழுதியது. எங்கே தொடங்குவது?

ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. சிறியது, அலட்டல் இல்லாதது. வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் முடக்கப்பட்ட லிஸி என்ற பெண்ணின் கதை. அடுத்து ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. உப்பளத் தொழிலாளர்களிடம் நேரில் போய்ப் பார்த்துக் கேட்டு எழுதியது. பாமாவின் 'கருக்கு', 1992. அம்பையின் சிறுகதைகளில் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை முதலில் எடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பத்து வயது, நன்றாகப் படிப்பாள். அம்மாவுக்கு எழுபது, கண் மங்கல். இருவருக்கும் சொல்லுங்கள்.

மகளுக்கு 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. டெட்சுகோ குரோயநாகி என்ற ஜப்பானியப் பெண்மணி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது. வகுப்பு நேரத்தில் ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிட்டதற்காக ஒரு பள்ளி அவளை வெளியே அனுப்பிவிடுகிறது. அடுத்த பள்ளியின் தலைமையாசிரியர் முதல் நாளே உட்காரவைத்து, பேசு என்கிறார். நான்கு மணி நேரம் பேசுகிறாள், அவர் கொட்டாவிகூட விடாமல் கேட்கிறார். வகுப்பறையோ பழைய ரயில் பெட்டி. வேறென்ன வேண்டும் ஒரு பிள்ளைக்கு?

பலர் இரா. நடராசனின் 'ஆயிஷா'வையும் சிபாரிசு செய்வார்கள். நல்ல கதைதான், ஆனால் முடிவு பெரியவர்களையே உலுக்கும். முதலில் நீங்கள் படித்துவிட்டு, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

அம்மாவுக்கு மின்னூல் வாசிப்பானோ டேப்லெட்டோ கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, மதுரைத் திட்டம் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கருவி பிடிக்காது என்றால் ஒலிநூல், இல்லாவிட்டால் பேத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். தேவனின் 'துப்பறியும் சாம்பு' இதற்குத் தோதானது. வாங்குவதெல்லாம் திட்டு, கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம் என்று ஒரு அசட்டுத் துப்பறிவாளன். ஒரு கதை ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

கேள்வி: மொழிபெயர்ப்பு நாவல் வாங்கினால் முதல் பக்கத்திலேயே பல்லில் கல் கடிபடுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பொடி எழுத்தில் ஒளித்துவைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்து, உரையாடல் வருகிற ஒரு பக்கத்தைத் திறந்து மனசுக்குள் பேசிப் பாருங்கள். விவரணையில் மறைகிற கரடுமுரடு பேச்சில் மறையாது. நல்லதற்கு உதாரணம் வேண்டுமென்றால் தகழியின் 'செம்மீன்', சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தது. தாஸ்தாயெவ்ஸ்கிக்கு எம். ஏ. சுசீலா, 'குற்றமும் தண்டனையும்' முதலில், 'அசடன்' அப்புறம்.