கடலுக்கு அடியில் நிலநடுக்கமானிகளைப் போட்டு வைத்தால் சுனாமி எச்சரிக்கை உடனே கிடைத்துவிடாதா? ஏன் செய்வதில்லை?

டிசம்பர் மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் பார்த்துப் பயந்துபோய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "போட்டு வைத்தால்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைக் கிளறிவிட்டது. போட்டவன் நான். திரும்ப எடுப்பதற்குள் பட்ட பாடும் என்னுடையது.

நான் விஞ்ஞானி இல்லை. ஓர் ஆய்வுக் கப்பலில் ஒப்பந்த எலெக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனாக அந்தமான் கடலுக்குப் போய்வந்தவன், அவ்வளவுதான். பிஎச்டி முடித்தவர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

இந்தக் கருவியைக் கப்பலில் ஓபிஎஸ் (ஓஷன் பாட்டம் சீஸ்மோமீட்டர், அதாவது கடலடி நிலநடுக்கமானி) என்போம். ("ஓபிஎஸ் மேலே வரமாட்டேன் என்கிறது" என்று ஒருமுறை வீட்டில் சொல்ல, மனைவி அரசியல் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.) போடுவது சுலபம். மிதப்பதற்கு உள்ளே வெற்றான, தடித்த கண்ணாடிக் கோளங்கள், பேட்டரி, பதிவுக் கருவி, அடியில் இரும்பு எடை. கிரேனில் தூக்கி விட்டால் தானாக மூழ்கித் தரையில் போய் உட்காரும். அதோடு நமக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை முடிந்தது. ரேடியோ அலை கடல் நீரில் போகாது, ஜிபிஎஸ் கிடையாது. எத்தனை அதிர்வு வந்தாலும் தனக்குள் எழுதி வைத்துக்கொண்டு கம்மென்று கிடக்கும். மாதக்கணக்கில் கழித்து எடுத்துப் பார்த்தால்தான் நமக்குத் தெரியும். இதை வைத்து எப்படி எச்சரிக்கை கொடுப்பது?

எடுப்பதற்குக் கப்பலிலிருந்து ஒலிச் சைகை அனுப்ப வேண்டும். கருவி பதில் ஒலி கொடுத்துவிட்டு, எடையைப் பிடித்திருக்கும் கம்பியில் மின்சாரம் பாய்ச்சும். உப்புநீரில் கம்பி அரித்து அறுந்ததும் எடையைக் கீழேயே விட்டுவிட்டு மிதந்து வரும். எங்களுடைய மூன்றாவது கருவி கிடந்தது சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில். ஒரு மணி நேரத்தில் மேலே வந்திருக்க வேண்டும். பதில் கொடுத்தது, ஆனால் அசையவில்லை. எத்தனை தடவை தூரத்தை அளந்தாலும் அதே எண்.

"வயரிங் யார் செய்தது?" என்று ஒரு குரல். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கப்பல் ஓட ஒவ்வொரு நாளும் லட்சக்கணக்கில் செலவு, அடுத்த இடத்துக்குப் போயாக வேண்டும். விடியும் வரைதான் அவகாசம் என்றார் தலைமை விஞ்ஞானி. சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் அரை மணிக்கு ஒரு தரம் சைகை அனுப்பிக்கொண்டே இருந்தேன். மூன்று மணி வாக்கில் எண் குறைய ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம் தேடிக்கொண்டிருக்க, பீடி பிடிக்க மறுபக்கம் போன பண்டாரிதான் (கப்பல் சமையல்காரர்) தண்ணீரில் மினுக்மினுக்கென்ற விளக்கைப் பார்த்துச் சத்தம் போட்டார். தூக்கிப் பார்த்தால் சட்டம் முழுக்க ஒரு சாண் உயரத்துக்குச் சேறு. சேற்றில் புதைந்து பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. வயரிங்கில் ஒரு குறையும் இல்லை. யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? இல்லை. கரைக்கு வந்தபின் தினப்படி கேட்டால், "கப்பலில் மூன்று வேளை சோறு போட்டோமே" என்று பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். கடலில் குமட்டிக்கொண்டு கிடந்தவனுக்கு எந்தச் சோறு இறங்கும்?

வராமலே போவதும் உண்டு. கிழக்குப் பசிபிக்கில் 12 கருவிகள் போட்ட ஆய்வாளர்களுக்கு 2006-இல் 4 மட்டுமே திரும்பி வந்தன. மற்றவற்றில் சில, கடலடி எரிமலை வெடித்துக் குழம்பில் மாட்டிக்கொண்டிருந்தன. அங்கே வயரிங் செய்தவனை யாரும் முறைத்திருக்க மாட்டார்கள்.

வந்த கருவியிலும் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான். பாறைக்குள் அதிர்வலை நொடிக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும். கடிகாரம் ஒரு நொடி தள்ளிப்போயிருந்தால் நிலநடுக்கம் நடந்த இடமும் அவ்வளவு தூரம் தள்ளிப்போகும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடனே சேதி வர வேண்டுமானால் கேபிள் போட வேண்டும். ஜப்பான் செய்திருக்கிறது. 2011 மார்ச் 11 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தபோது, பெரும்பாலும் நிலத்திலுள்ள கருவிகளை வைத்தே மூன்றே நிமிடத்தில் சுனாமி எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆனால் முதல் கணக்கில் நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று வந்தது, உண்மையில் 9. அலையின் உயரத்தையும் குறைத்துச் சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ஜப்பான் அகழி நெடுக 150 நிலையங்களை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கேபிளில் கோத்துக் கடலடியில் இறக்கினார்கள். பெயர் எஸ்-நெட்.

நமக்கு வேண்டாமா என்றால், சென்னைக்கு அவ்வளவு லாபம் இல்லை என்பேன். (திட்டாதீர்கள்.) 2004-இல் அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. 2007-இலிருந்து ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது. நிலத்திலுள்ள கருவிகளே நமக்குப் போதுமான நேரம் தரும். நிக்கோபார்க்காரர்களுக்குத்தான் நிமிடக் கணக்கு. கேபிள் போட்டால் அவர்களுக்காகப் போட வேண்டும்.

அப்போதும் வெறும் நிலநடுக்கமானி போதாது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6, சென்னையில் ஆபீஸ் படிக்கட்டெல்லாம் ஜனக்கூட்டம். தரை மேலும் கீழுமாக எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எதுவும் வரவில்லை. தண்ணீர் எழும்பியதா என்று சொல்வது அழுத்தமானி. எஸ்-நெட்டில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.