ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டம்: வாசகர்கள் கேட்டவை

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்திலிருந்து இந்த முறை சைக்கிள் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன (2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய அதே ஊர்தான்). படித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் ஒரே குழுவோடு சம்பந்தப்பட்டவர்கள் என்று தெரிகிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணா, ஞாயிறு தோறும் ஊரிலிருந்து கிளம்பி கோலசிலாங்கூர் வழியாக தஞ்சோங் காராங் போய்த் திரும்புகிறோம். பதினைந்து பேர் வருவார்கள். நான் வார நாளிலும் தனியாக ஓட்டுகிறேன், காலில் பலம் இருக்கிறது, மூச்சும் தாங்குகிறது. அப்படியிருந்தும் பாதியிலேயே குழுவிலிருந்து கழன்று பின்தங்கிவிடுகிறேன். ஏன்? – தோட்டத்து இளைஞர், 23 வயது

தம்பி, எந்த இடத்தில் கழன்றுபோகிறீர்கள் என்று அடுத்த வாரம் கொஞ்சம் கவனியுங்கள். அது நேரான சாலையாக இருக்காது. ஒரு வளைவோ சந்திப்போ முடிந்து எல்லோரும் மறுபடி வேகம் எடுக்கும் இடமாகத்தான் இருக்கும். முன்னால் போகிறவர் வளைவில் அவ்வளவாகப் பிரேக் பிடிக்காமல் திரும்பி, மெதுவாக வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பதினைந்தாவது ஆள் பிரேக் பிடித்து, கிட்டத்தட்ட நின்று, பிறகு எழுந்து மிதித்து, முன்னால் போனவர்களைவிட அதிக வேகத்தில் துரத்தினால்தான் ஒட்ட முடியும். ஒவ்வொரு வளைவிலும் இது நடந்தால் எந்தக் காலும் தாங்காது. கடைசியில் போனால் சுலபம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் பின்னால் ஒதுங்குகிறார்கள், அங்கேதான் கஷ்டம் அதிகம். முதல் ஆறேழு பேருக்குள் இருங்கள்.

அடுத்தது காற்று. முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து நாற்பதுக்குப் போனால் காற்றைத் தள்ள மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும், ஏனென்றால் அந்தத் தேவை வேகத்தை வேகத்தாலேயே இன்னும் இரண்டு முறை பெருக்கிய கணக்கில் ஏறுகிறது. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் உங்கள் உழைப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம். அதனால் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் இடையில் இரண்டு மீட்டர் விழுந்துவிட்டது என்றால், அது இரண்டு மீட்டராக இருக்கும்போதே மூடிவிடுங்கள். பத்து மீட்டர் ஆன பிறகு நீங்கள் தனியாக ஓட்டுகிற மாதிரிதான்.

செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும்வரை மரங்களே காற்றை மறைத்துவிடும். தஞ்சோங் காராங் வயல்வெளி வந்ததும் மறைப்பு எதுவும் இல்லை. கரையோரமாகத் தெற்கே திரும்பி வரும்போது கடல் உங்கள் வலப்பக்கம் இருக்கிறது, வெயில் ஏற ஏறக் காற்று அங்கிருந்துதான் வரும். அப்போது முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் போனால் பயனில்லை, கொஞ்சம் இடப்புறமாகத் தள்ளிப் போக வேண்டும். ஆனால் சாலை ஓரம் முடிகிற இடத்தோடு அந்த மறைப்பும் முடிந்துவிடும், நாலைந்து பேருக்குத்தான் இடம். இடம் கிடைக்காத ஆறாவது ஆள்தான் முதலில் கழல்வார். வயல் தொடங்குவதற்கு முன்பே முன்னால் வந்துவிடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, முன்னால் போகிறவரின் சக்கரத்தையே வெறித்துப் பார்க்காதீர்கள், இடுப்பையும் தோளையும் பாருங்கள். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழையவே கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பின்னால் வருகிறவர்தான்.

நாங்கள்தான் அந்த ஓட்டத்தை நடத்துகிறோம். குழுவில் இப்போது இரண்டு கட்சி. வேகமாக ஓட்டுகிறவர்கள், “இது ரேஸ், முடியாதவர்கள் வேறு குழு பார்த்துக்கொள்ளட்டும்” என்கிறார்கள். மற்றவர்கள், “ஒரே ஊர்க்காரர்கள், காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?” என்கிறார்கள். போன மாதம் மாமாக் கடையில் பெரிய வாய்ச்சண்டையே வந்துவிட்டது. யார் சொல்வது சரி? – ஏற்பாட்டாளர்கள்

போட்டியை எடுத்துவிடாதீர்கள், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு நாள் ஆலையிலும் அலுவலகத்திலும் லோரியிலும் உழைத்துவிட்டு ஏழாவது நாள் இருட்டோடு எழுந்து வருகிறார்கள் என்றால், அந்தக் கடைசி ஸ்பிரிண்டில் யார் முந்துவது என்ற துடிப்பும் அவர்களைக் கூப்பிடுகிறது. அதை எடுத்துவிட்டால் ஆறு மாதத்தில் நல்ல ஓட்டக்காரர்கள் வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களும் வேகத்தைக் கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் போகும்.

ஆனால் காத்திருக்கச் சொல்கிறவர்களும் தவறாகச் சொல்லவில்லை. உங்கள் சண்டைக்குக் காரணம் வேகம் இல்லை. ரேஸ் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கிளம்பும் முன்பு யாரும் சொல்வதில்லை. அதனால் ஒருவர் ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடுகிறார், இன்னொருவர் இன்னும் பேசிக்கொண்டே வருகிறார். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்ற கோபம் அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே வாரா வாரம் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் நின்று சொல்லுங்கள்: இந்த இடம் வரை எல்லோரும் ஒன்றாக, பேசிக்கொண்டு போகிற வேகத்தில், அதற்குப் பிறகு இந்தப் பெயர்ப்பலகை வரை யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம், அப்புறம் இந்த எண்ணெய் நிலையத்தில் எல்லோரும் கூட வேண்டும், கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து முடிக்கும்வரை யாரும் கிளம்பக் கூடாது. கழன்றவருக்கும் தான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரியும், பதற்றப்பட்டு சிவப்பு விளக்கைத் தாண்ட மாட்டார். நல்ல ஓட்டக்காரர்களில் ஒருவர் முறை வைத்துக் கடைசி ஆளோடு வரட்டும், கையில் டியூபும் பம்பும் இருக்கட்டும். ஒரு வாரம் தன் ஸ்பிரிண்டை விட்டுக்கொடுக்க மனமில்லாதவருக்கு அடுத்த வாரம் மற்றவர்கள் பஞ்சர் ஒட்டித் தருவார்கள் என்று எதிர்பார்க்க உரிமை இல்லை.

ஸ்பிரிண்ட் முடிகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டு பக்கமும் தூரம்வரை தெரிகிற நேர்சாலையாக இருக்க வேண்டும், கடைத்தெருவோ கோவிலோ பள்ளியோ பக்கத்தில் இருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தோட்டத்து மண்சாலை வந்து சேரும் முனையாக இருக்கவே கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி அந்த முனையில் திரும்பும்போது குலுங்கி உதிரிப்பழம் கொட்டும். பெருவிரல் அளவுதான் இருக்கும், பாதி கறுப்பு, பாதி ஆரஞ்சு. இருபத்தைந்து மில்லிமீட்டர் டயர் அதன் மேல் ஏறினால் பழம் பிதுங்கிப் பக்கவாட்டில் நழுவும், சக்கரமும் அதோடு போகும். நசுங்கிக் கிடப்பது இன்னும் மோசம், எண்ணெய் சாலையில் படிந்து ஒரு தூறல் விழுந்தாலே வழுக்கும். முன்னால் போகிறவர் கையைக் கீழே காட்டி “பழம்!” என்று கத்த வேண்டும், பின்னால் வருகிறவர் அதை அடுத்தவருக்குக் கடத்த வேண்டும்.

லங்காவி சைக்கிள் பந்தயம் 1996-இல் தொடங்கியது. அந்த மாதிரிப் பந்தயங்களில் சாலையை மூடுகிறார்கள், போலீஸ் மோட்டார் முன்னால் போகிறது, ஆம்புலன்ஸ் பின்னால் வருகிறது. உங்கள் சாலையில் எதிரே டாங்கர் லோரி வருகிறது. ஆகவே ஒரே ஒரு சட்டம், இதில் பேச்சுவார்த்தையே வேண்டாம்: ஸ்பிரிண்டில் நடுக்கோட்டைத் தாண்டியவர் முதலில் வந்தாலும் அவருடைய வெற்றி கணக்கில் வராது. வாரம் ஒருமுறை இதைச் சொல்லி, ஒருமுறையாவது உண்மையிலேயே செயல்படுத்திக் காட்டுங்கள்.

ஒருவர் முழு ஓட்டத்திலும் முன்னால் வந்து காற்றைத் தாங்கிக் குழுவை இழுப்பதே கிடையாது. கடைசி இருநூறு மீட்டரில் வெளியே வந்து ஜெயித்துவிடுகிறார். இது நியாயமா? – ‘இழுத்து இழுத்து அலுத்தவர்’

உலகத்தின் பெரிய பந்தயங்களிலும் ஸ்பிரிண்டர்கள் இப்படித்தான் ஜெயிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்காக உழைக்க ஒரு அணி இருக்கிறது. இங்கே உங்களை யாரும் அவருடைய அணியில் சேர்க்கவில்லையே. திட்டிப் பயனில்லை, ஓட்டத்திலேயே பதில் சொல்லுங்கள். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் நீங்களும் இன்னொருவரும் பேசி வைத்துக்கொண்டு மாறி மாறிக் குழுவை விட்டு முன்னே பாய்ந்து ஓடுங்கள். துரத்த வேண்டியது அவர்தான் என்று மற்றவர்கள் சும்மா இருந்தால் அவர் வெளியே வந்தே ஆக வேண்டும். அதோடு, முப்பது நொடி முன்னால் வந்து விலகினாலும் அது உழைப்புதான் என்று அவருக்குத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். வேகம் குறைந்துவிடுமோ என்ற கூச்சத்தில் முன்னால் வராதவர்களும் உண்டு.

ஐயா, என் மகனுக்குப் பதினைந்து வயது. இந்தக் குழுவோடு போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பயமாக இருக்கிறது. – ஒரு தாய்

உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறதம்மா. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்ததை எந்தப் பெற்றோரும் மறக்க முடியாது. விளக்கு இல்லாத, பிரேக் கழற்றிய அந்த ‘லஜாக்’ சைக்கிளுக்கும், விடிந்த பிறகு பெரியவர்களோடு ஹெல்மெட் போட்டு ஓட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பிள்ளையை வீட்டில் பூட்டி வைத்தால், அவன் முதல் வகையைத் தேடிப் போய்விடக்கூடும். திரங்கானுவிலிருந்து வந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2017-இல் கெய்ரின் என்ற ஓடுதளச் சைக்கிள் பந்தயத்தில் உலகச் சாம்பியன் ஆனார், நம்மவர் எம். குமரேசன் ஒலிம்பிக் வரை போனார். ஆசைப்படுகிற பிள்ளைக்கு வழி இருக்கிறது.

ஆனால் நிபந்தனை போடுங்கள். முதல் மூன்று மாதம் அவன் ஸ்பிரிண்டில் கலந்துகொள்ளக் கூடாது. முன்னும் பின்னும் விளக்கு வேண்டும், நம் பக்கம் ஏழு மணிக்கும் சில மாதங்களில் இருட்டாகத்தான் இருக்கிறது. குழுவில் ஒரு பெரியவர் பெயர் சொல்லிப் பொறுப்பு ஏற்க வேண்டும். யாரும் பொறுப்பு ஏற்க முன்வராவிட்டால் அனுப்பாதீர்கள்.

நான் ஆசிரியை. ஓட்ட ஆசை. குழுவில் ஒரு பெண்கூட இல்லை. போகலாமா? – 34 வயது வாசகி

போங்கள் தங்கச்சி. முடிந்தால் தோழி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேர் போனாலே மூன்றாவது பெண் தானாக வருவார். பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டைக்கு மேல் தளர்வான சட்டை போட்டுக்கொள்ளலாம். இருக்கை உங்கள் இடுப்பெலும்பு அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள், அதுதான் வலியைத் தீர்மானிக்கிறது. குழுவில் உள்ள ஆண்களுக்கும் ஒன்று: அவருக்கு வரிசையில் இடம் கொடுங்கள், இழுக்கும் முறையும் கொடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் பக்கத்தில் வந்து பாடம் நடத்த வேண்டாம்.

எனக்கு நாற்பத்தாறு வயது, சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறேன். போட்டி ஓட்டம் ஓட்டலாமா?

2019-ஆம் ஆண்டு சுகாதாரக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாக இந்தியர்களிடம்தான் அதிகம். அதனால் உங்களைப் போன்றவர்கள் ஓட்ட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் முதலில் கிளினிக்கில் இதயத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், என்ன மாத்திரை என்றும் கேளுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலினோ என்றால் நடுவழியில் இறங்கலாம். இரத்தச் சர்க்கரை நான்குக்குக் (mmol/L) கீழே போனால் ஆபத்து. கிளம்பும் முன் குத்திப் பாருங்கள், ஐந்துக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரை எப்போதும் இருக்கட்டும். கை நடுங்கி, வேர்வை குளிர்ந்தால் நின்றுவிடுங்கள், உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது பக்கத்தில் ஓட்டுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நெஞ்சு இறுக்கம் வந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது, நேராக மருத்துவமனை.

எட்டாயிரம் வெள்ளிக்குக் கார்பன் சைக்கிள் வாங்கினால் குழுவோடு ஒட்ட முடியுமா?

முடியாது. நல்ல நிலையில் உள்ள பழைய அலுமினிய சைக்கிள் போதும், அளவு மட்டும் உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டும். தோட்டச் சாலைக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயர் போடுங்கள், காற்றைக் கல்லாக அடைக்காதீர்கள். மிச்சப் பணத்தில் நல்ல ஹெல்மெட்டும் விளக்கும் வாங்குங்கள்.

தைப்பூச விரதத்தில் இருக்கும்போது ஞாயிறு ஓட்டத்துக்குப் போகலாமா?

மரக்கறி மட்டும் என்றால் தடையே இல்லை, பருப்பும் பாலும் கடலையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் அந்த வாரங்களில் வேகப் பகுதியை விட்டுவிட்டு, கடைசி ஆளோடு வருகிற பொறுப்பை வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், அதில் ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீரும் இல்லாத நோன்பு என்றால் அன்றைக்குச் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.