மூன்று உலகப் போர்களையும் இலுமினாட்டிகள் திட்டமிட்டார்களா? எப்படிச் சரிபார்ப்பது?

"மூன்று உலகப் போர்களுக்கும் இலுமினாட்டிகள் என்ற இரகசியச் சங்கத்தார் 1871இலேயே திட்டம் போட்டுவிட்டார்கள் என்று எங்கள் சபை வட்ஸ்அப் குழுவில் வீடியோ வருகிறது, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பியவர் போதகராகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். எதிர்த்துப் பேசினால் மரியாதைக் குறைவு, பேசாமல் இருந்தால் தம்பி தங்கைகள் நம்பிவிடுவார்கள். மட்டக்களப்பில் பாதி வீடுகளில் இதே நிலைதான்.

பொய். அந்த வீடியோ முழுவதும் ஒரே ஒரு கடிதத்தை நம்பி நிற்கிறது. ஃபிரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான அல்பேட் பைக், இத்தாலியப் புரட்சியாளர் மாத்சினிக்கு 1871 ஓகஸ்ட் 15 எழுதியதாம், மூன்று போர்களின் திட்டமும் அதில் இருக்கிறதாம். உள்ளே நாசிசம் வருகிறது, சியோனிசம் வருகிறது. நாசிக் கட்சி 1920இல் வந்தது. யூதருக்குத் தனி நாடு கேட்ட இயக்கத்துக்குச் சியோனிசம் என்ற பெயரே 1890இல்தான் பிறந்தது. மூலப்பிரதி பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். அங்கே அப்படி ஒரு கடிதம் இல்லை. பைக்கைச் சாத்தான் கூட்டத்தின் தலைவராக்கிக் கதை பரப்பியவர் லியோ தக்சில் என்ற பிரெஞ்சுக்காரர். பல வருடம் கத்தோலிக்கரை நம்பவைத்துவிட்டு, 1897 ஏப்ரல் 19 பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாம் தன் கற்பனை என்று தானே அறிவித்தார். மூன்று போர்க் கதையை 1950களில் பரப்பியவர் வில்லியம் கை கார் என்ற கனடியக் கடற்படை அதிகாரி. அதற்குள் இரண்டு போர்கள் முடிந்திருந்தன.

இலுமினாட்டி என்று ஒரு சங்கம் இருந்ததை நான் மறுக்கவில்லை. 1776 மே 1, பவேரியாவின் இங்கொல்ஸ்டாட்டில் சட்டப் பேராசிரியர் ஆடம் வைஸ்ஹவுப்ட் தன்னோடு சேர்த்து ஐந்து பேராகத் தொடங்கினார். 1784இலும் 1785இலும் அரசு தடை போட்டது. 1786இல் ஓர் உறுப்பினர் வீட்டில் அகப்பட்ட கடிதங்களை அடுத்த வருடம் அரசே அச்சடித்து வெளியிட்டது. அவற்றில் இருப்பவை புனைபெயர்கள், ஆள் சேர்க்கும் முறை, பதவிப் படிகள், தலைவர்களுக்குள்ளே சச்சரவு. முக்கியமான தலைவர் க்னிக்கே 1784இலேயே சண்டைபிடித்து விலகிவிட்டார்.

1789 பிரெஞ்சுப் புரட்சியை இவர்கள் தலையில் கட்டியவர் ஒகுஸ்தான் பறுயேல் என்ற பாதிரியார், 1797இல். உண்மையில் அரச கருவூலம் அமெரிக்கப் போருக்குச் செலவழித்து முறிந்திருந்தது. 1788 யூலை 13 ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்தது. பாண் விலை ஏறியது. படுவான்கரையில் வெள்ளாண்மை செய்கிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

என்னை நோகச் செய்வது இதுதான்: பறுயேல் இயேசு சபை என்ற கத்தோலிக்கக் குருமார் அமைப்பைச் சேர்ந்தவர். இப்போது வரும் வீடியோக்களோ இலுமினாட்டிகளை ஆட்டிவைத்ததே இயேசு சபை என்கின்றன, வைஸ்ஹவுப்ட் அவர்களிடம் படித்தாராம்! புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த குருமாரின் சபை அது. பழியை எவர்மேலும் மாற்றிப் போடலாம் என்றால் அங்கே ஆதாரம் இல்லை என்றே அர்த்தம். யூதர் உலகை ஆள இரகசியத் திட்டம் போட்டதாகச் சொல்லும் "சீயோன் மூப்பர்" ஆவணமும் அப்படித்தான். 1864இல் மொரிஸ் ஜோலி மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி எழுதிய நூலில் இருந்து பக்கம் பக்கமாகத் திருடி, யூதர்மேல் பழியைப் போட்டு 1903இல் ரஷ்யாவில் வெளியிட்டார்கள். 1921இல் லண்டன் டைம்ஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

"சதியே நடப்பதில்லையா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். நடக்கிறது. 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று முதலாம் உலகப் போருக்குத் தீ மூட்டியவர்களுக்குச் செர்பியாவின் "கறுப்புக் கை" என்ற இரகசிய அமைப்பின் ஆட்கள் நான்கு கைத்துப்பாக்கியும் ஆறு குண்டும் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயர் தெரியும், அதே வருடம் வழக்கும் நடந்தது. வீசிய குண்டு இளவரசரின் காரில் பட்டுத் தெறித்து வேறு வண்டியின் கீழ் வெடித்தது. பிறகு சாரதி தவறான தெருவில் திரும்பியதால்தான் கொலை நடந்தது. உண்மையான சதி இப்படித் தடுமாறும், தடயம் விடும். நூற்றாண்டுக் கணக்கில் பிசகாமல் ஓடாது.

தூரத்துக் கதை என்று விடவும் முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்று கிளப்பி, கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி. ஒரு இனத்தையே அழிக்க இரகசியத் திட்டம் என்ற அதே அச்சுத்தான், ஊர் மட்டும் வேறு.

இன்னொரு ஆத்திரமும் இருக்கிறது. இங்கே புத்தகக் கடையில் உலக சரித்திரம் கேட்டால் பரீட்சை வழிகாட்டியை எடுத்து நீட்டுகிறார்கள். சரியானதைத் தமிழில் வாசிக்க வழியில்லாத பிள்ளை வேறெங்கே போகும்?

குழுவில் எல்லோர் முன்னும் பதில் போடாதீர்கள், அனுப்பியவர் வீம்புக்கு நிற்பார். தனியாக எழுதுங்கள்: "இந்தக் கடிதம் முதன்முதல் எந்த வருடம், எதில் அச்சானது?" விசுவாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நீங்கள் கேட்பது வருடத்தை மட்டும்தான்.